மூலைப் பாக்கெட்டுக்கு வெளிச்சம் எங்கே?

வீட்டுக்குப் பூல் மேசை வாங்குகிறவர்களுக்கு விளக்கைப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மேசையின் நடுவுக்கு நேர் மேலே வண்ணக் கண்ணாடிக் கூடு போட்ட விளக்கு ஒன்றைத் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். துணியிலிருந்து 32 அங்குல உயரம் போதும். மஞ்சள் வெளிச்சம் போட்டால் பழைய கிளப் களை வந்துவிடும். வெளிச்சம் போதவில்லையா, அதிக வாட் பல்பு மாட்டிக்கொள்ளலாம். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

இந்த ஐந்து யோசனைகளும் தவறு.

ஐந்துக்கும் வேர் ஒன்றுதான்: விளக்கை அறையின் அலங்காரப் பொருளாக நினைப்பது. பூல் விளக்கு அலங்காரம் அல்ல. குஷனும் துணியும் ஸ்லேட் கல்லும் எப்படி மேசையின் உறுப்புகளோ, அப்படித்தான் விளக்கும். குஷன் ரப்பர் செத்துப்போன மேசையை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். மூலைப் பாக்கெட் நான்கும் அரை இருட்டில் கிடக்கும் மேசையை மட்டும் ஆசையாக வாங்கிப் போட்டு, பந்து விழாததற்குத் தங்கள் கையை நொந்துகொள்கிறார்கள்.

பினாங்கில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் மேல்மாடி என்பது தெருப்பக்கச் சன்னலிலிருந்து பின்கட்டு வரை நீளும் கூடம். அதைப் பார்த்ததும் ஒரு பூல் மேசை போடலாமே என்று தோன்றுவது இயல்பு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையையே எடுத்துக்கொள்ளலாம். பழையவர்கள் வாயில் இன்னும் பிட் தெரு. 1801-இல் தோன்றிய பள்ளிவாசல், 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பின்பக்கக் குவீன் தெருவில் 1833 முதல் நிற்கும் மகாமாரியம்மன் கோயில் என்று எல்லாம் நடந்து பார்க்கும் தூரத்தில். நடுவே அஞ்சடி நடைபாதை வைத்த கடைவீடுகள். கீழே நகைக்கடையும் பணம் மாற்றும் கடையும், மேலே பலகைத் தளம் போட்ட மாடி. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த வட்டாரம் இது.

இந்த மாடிகளில் மேசை போடுவதற்கு அளவு முக்கியம். எட்டடி மேசை என்று விற்கப்படுவதன் ஆடுபரப்பு 88 அங்குல நீளம், 44 அங்குல அகலம். சுற்றிலும் 58 அங்குலக் கியூவை நீட்ட இடம் வேண்டும். கணக்குப் போட்டால் அறை குறைந்தது 13 அடி 4 அங்குலம் அகலமும் 17 அடி நீளமும் இருக்க வேண்டும்; கை வீசி ஆட மேலும் சற்று. கடைவீட்டின் அகலம் பெரும்பாலும் இருபது அடிக்குள் அடங்கிவிடுவதால் மேசையை வீட்டின் நீளவாக்கில் ஒரே இடத்தில்தான் போட முடியும். பிறகு விளக்குக்கேற்ப மேசையை நகர்த்துவது நடக்காத காரியம். ஸ்லேட் கல் மேசை முந்நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் பலகைத் தளத்தைப் பொறியாளரிடம் காட்டாமல் ஏற்றக்கூடாது என்பதும், மரபுரிமை வட்டாரத்தில் கட்டடத்தில் கைவைக்க மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதும் தனிக் கதை. விளக்குக்கு வருவோம்.

நடுவில் தொங்கும் ஒற்றை விளக்கு என்ன செய்கிறது? எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஒளி வீசும் ஒரு பல்பைத் துணியிலிருந்து 80 செ.மீ. உயரத்தில், அதாவது சுமார் 32 அங்குலத்தில், மாட்டியதாக வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து நேர் கீழே நடுப்புள்ளி 80 செ.மீ. தொலைவு. மூலைப் பாக்கெட்டோ கிடைமட்டத்திலேயே 125 செ.மீ. தள்ளி இருக்கிறது. தூரம் கூடக் கூட வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். சாய்வாக விழுவதால் இன்னும் குறையும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மூலைக்குக் கிடைப்பது நடுவில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 16 பங்கு. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கூடு போட்டுப் பக்கவாட்டு ஒளியை மறைத்தால் அதுவும் கிடையாது.

பூல் ஆட்டத்தில் பந்து எங்கே விழுகிறது? ஆறு பாக்கெட்டில் நான்கு மூலையில் இருக்கின்றன. ஆட்டக்காரர் குறிபார்க்கும் இடம் இருட்டு; யாரும் குறிபார்க்காத நடுமேசையில் மட்டும் வெளிச்சம் கொட்டுகிறது.

சரி, பெரிய பல்பு மாட்டலாமே என்பார்கள். கடைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் பதில் இதுதான். மிக எளிதில் பொய்யாகும் பதிலும் இதுதான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் மூலையிலும் இரண்டு மடங்கு, நடுவிலும் இரண்டு மடங்கு. 16 பங்கு 16 பங்காகவே நிற்கும். மாறுவது ஒன்றுதான்: நடுவில் கண் கூசும். கூசிய கண்மணி சுருங்கும். சுருங்கிய கண்ணுக்கு மூலை முன்பைவிட இருட்டாகத் தெரியும். காசு கொடுத்துச் சிக்கலைப் பெரிதாக்கிய கதை.

இன்னொரு தீமை நிழலில் இருக்கிறது. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. மூலைக்கு அருகே கிடக்கும் பந்தின் மீது அந்தத் தாழ்ந்த விளக்கின் ஒளி சுமார் 33 பாகைச் சாய்வில் விழும்போது, பந்து துணியைத் தொடும் புள்ளியிலிருந்து நிழல் ஏறக்குறைய 10 செ.மீ. நீளும். பந்தைவிட நீளமான நிழல். ஏழாம் எண் பந்து பாக்கெட் வாயில் நிற்கிறது என்றால் அதன் கரும்பழுப்பு விளிம்பும் நிழலும் பாக்கெட்டின் கறுப்புத் தோலும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். பந்தின் ஓரம் எங்கே முடிகிறது என்பதைக் கண் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். மெல்லிய வெட்டு ஆட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பந்து பாக்கெட் வாயில் தட்டித் திரும்பிவிடும்.

உயரத்தைப் பற்றியும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மேசையின் துணி தரையிலிருந்து சுமார் 76 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் 32 அங்குலம் என்றால் விளக்கின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 157 செ.மீ. இது நின்றுகொண்டிருக்கும் பெரியவரின் கண்மட்டம். எதிரே நிற்பவரின் முகம் விளக்கில் மறையும், பல்பு கண்ணில் அறையும், குனிந்து நிமிர்கிற தலை கண்ணாடியில் இடிக்கும். 32 அங்குலம் என்ற எண் விற்பனையாளர் வாயில் வேதவாக்காக வருகிறது. உலகப் பூல் சங்கத்தின் கருவி விதி வேறு சொல்கிறது. நகர்த்தக்கூடிய விளக்கானாலும் துணியிலிருந்து 40 அங்குலத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. நகராத விளக்கானால் 65 அங்குலம்.

அதே விதியில் இன்னும் முக்கியமான இரண்டு வரையறைகள் உண்டு. மேசையின் பரப்பிலும் கட்டைகளிலும் ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்தது 520 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். நடுப்பகுதி ஓரங்களையும் மூலைகளையும்விடக் கண்ணுக்குத் தெரியும்படி அதிக வெளிச்சம் பெறாதபடி மறைப்போ பிரதிபலிப்புத் தகடோ அமைப்பது நல்லது. ஒவ்வொரு புள்ளியிலும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சராசரி கேட்கப்படவில்லை, நடுவின் வெளிச்சம் கேட்கப்படவில்லை. பல்பின் வாட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கடையில் கேட்கப்படும் ஒரே கேள்வி வாட் எத்தனை என்பதுதான்.

ஒற்றை விளக்கை உயர்த்தினால் போதுமா? ஓரளவு உதவும். 150 செ.மீ. உயரத்தில் அதே கணக்கைப் போட்டால் மூலைக்கு நடுவின் 45 பங்கு கிடைக்கிறது. 16-லிருந்து 45 பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தூரம் கூடியதால் மேசை முழுவதற்கும் வெளிச்சம் குறைந்துவிடும். ஒற்றை விளக்கால் இரண்டையும் ஒருசேரத் தர முடியாது. ஒளியைப் பரப்ப வேண்டும் என்றால் ஒளி வரும் இடமும் பரந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பழைய கிளப் களை பேசுகிறவர்கள் குறுக்கிடுவார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தானே இருந்தது என்பார்கள். அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதைச் சரியாகவே பார்க்கலாம். ஸ்னூக்கர் ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற இராணுவ அதிகாரியின் கையில் உருவாகி, 1882-இல் ஊட்டி கிளப்பில் விதிகளாக எழுதி மாட்டப்பட்டது. தமிழ்நாட்டு மலைமேல் பிறந்த விதிகள் அவை. அந்த ஆட்டத்தின் முழு மேசை 3,569 மி.மீ. நீளமும் 1,778 மி.மீ. அகலமும் கொண்டது. அந்த அளவு மேசைக்கு அன்றைய பில்லியர்ட்ஸ் அறைகளில் வழக்கமாகத் தொங்கியது இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக ஆறு கூட்டு விளக்கு. எரிவாயுக் காலத்திலேயே ஆறு சுடர். மின்சாரம் வந்த பிறகும் நீண்ட தொட்டிபோன்ற கூட்டுக்குள் விளக்குகள் மேசையின் நீளத்துக்கு வரிசையாக நின்றன. பச்சைக் கூட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஆறை ஒன்றாகக் குறைத்தவர்கள் இன்றைய அலங்காரக் கடைக்காரர்கள். பழைய கிளப்புகள் அவர்களுக்குச் சாட்சி சொல்லாது.

மஞ்சள் வெளிச்சத்துக்கு வருவோம். மூன்றாம் எண் பந்து சிவப்பு, ஐந்து ஆரஞ்சு, ஏழு கரும்பழுப்பு. நான்கு ஊதா, எட்டு கறுப்பு. ஒன்று மஞ்சள், குத்துப் பந்து வெள்ளை. 2,700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ், அதுவும் நிறம் காட்டும் திறன் குறைந்த மலிவு எல்இடியாக இருந்தால், இந்த நிறங்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். அறை அந்தியில் மூழ்கியது போல இதமாக இருக்கலாம். மேசையின் மறுகோடியில் நிற்பது மூன்றா ஐந்தா என்று ஆட்டக்காரர் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பிபிசி 1969-இல் பாட் பிளாக் என்ற ஸ்னூக்கர் நிகழ்ச்சியைத் தொடங்கியதே வண்ணத் தொலைக்காட்சியின் சிறப்பைக் காட்டத்தான். நிறத்தால் கணக்கு வைக்கும் ஆட்டத்துக்கு நிறத்தைத் தின்னும் விளக்கு எதற்கு? 4,000 கெல்வின் அளவிலான நடுநிலை வெள்ளையும், நிறம் காட்டும் திறனுக்கு சிஆர்ஐ என்று பெட்டியில் அச்சிடப்படும் எண் 90-உம் வேண்டும். 80 என்றால் தப்பிக்கலாம். பெட்டியில் எண்ணே இல்லை என்றால் வாங்கக்கூடாது.

நகைக்கடைக்காரர்களைக் கேட்டால் இந்த விவகாரத்தின் மறுபக்கம் புரியும். பிட் தெருவில் அவர்களுடைய கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சிறிய, கூர்மையான விளக்குகள் வரிசையாகப் பதிந்திருக்கும். சங்கிலியை லேசாகத் திருப்பினால் ஒவ்வொரு கண்ணியும் மின்னும். தங்கம் மின்னத்தான் வேண்டும். அந்த வேலையை அவர்கள் நன்றாக அறிந்து செய்கிறார்கள். கோளாறு அதே விளக்கை, டவுன்லைட் என்ற பெயரில், மாடிக் கூரையில் எட்டோ பத்தோ பதித்து அதன் கீழே பூல் மேசையைப் போடுவதில் இருக்கிறது. ஃபீனாலிக் ரெசின் பந்து நகையைப் போலவே பளபளப்பானது. எட்டு டவுன்லைட் என்றால் ஒவ்வொரு பந்திலும் எட்டு வெள்ளைப் புள்ளி, கீழே எட்டுத் திசையில் எட்டு நிழல். குறிபார்க்கும் கண் பந்தின் விளிம்பைத் தேடிப் புள்ளியில் போய் மாட்டிக்கொள்ளும். பூல் மேசைக்கு வேண்டியது மின்னாத வெளிச்சம்: பால் வெள்ளைத் தகட்டுக்குப் பின்னாலிருந்து மெத்தென்று இறங்கும் வெளிச்சம்.

பினாங்கு வீட்டுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. அது மின்விசிறி. கூரை விளக்குக்கும் மேசைக்கும் இடையே விசிறி சுழன்றால் இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டி விடும். துணி முழுக்க நிழல் ஓடும். விசிறிக்குக் கீழே சங்கிலியில் ஒற்றை விளக்கைத் தொங்கவிட்டால் காற்றில் அது ஆடும். விளக்கோடு எல்லா நிழலும் ஆடும். ஆகவே மேசைக்கு மேலே கூரை விசிறி வேண்டாம். சுவர் விசிறி போதும். தெருப்பக்கச் சன்னலும் அப்படித்தான். மேசை நீளவாக்கில் கிடப்பதால் சன்னலை நோக்கிக் குனிகிறவருக்குப் பகல் வெளிச்சம் நேரே கண்ணில் பாயும். மேற்குப் பார்த்த மாடியானால் மாலை நாலு மணிக்குச் சன்னல் கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போடுவதே மேல்.

மலிவு எல்இடியின் துடிப்பும் கவனிக்கத் தக்கது. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தரமில்லாத மின்சுற்று உள்ள விளக்கு நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. வேகமாக ஓடும் பந்து மட்டும் தொடர்ச்சியாக நகராமல் துண்டு துண்டாகப் பல பந்துகளாகத் தோன்றும். கைபேசியின் மெதுவோட்டப் படப்பதிவில் பார்த்தால் உடனே அகப்பட்டுவிடும்.

அறையை இருட்டாக்கும் யோசனை கடைசி. உலகச் சங்கம் மேசையைச் சுற்றியுள்ள இடத்துக்கும் குறைந்தது 50 லக்ஸ் கேட்கிறது. வெளிச்சமான துணியிலிருந்து நிமிர்ந்து இருட்டைப் பார்த்து, மறுபடி துணிக்குத் திரும்பும் கண் ஒவ்வொரு முறையும் பழக வேண்டியிருக்கிறது. 2017-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பெண்கள் ஸ்னூக்கர் இறுதியில் இந்தியாவின் வித்யா பிள்ளையும் ஹாங்காங்கின் இங் ஆன் யீயும் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக ஆடினார்கள். இங் 6–5 என்று வென்றார். அப்படிப்பட்ட ஆட்டத்தைத் தாங்குவது கையைவிடக் கண். வீட்டில் ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்தால் குறைசொல்ல வேண்டியது விளக்கைத்தான். போதாததற்கு, கடைவீட்டின் செங்குத்தான மரப்படி இருட்டில் ஆபத்தானது.

இத்தனைக்கும் ஒரு மறுப்பு வரும்: வீட்டில் பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்குப் போட்டி விதி எதற்கு? கேள்வி நியாயமாகத் தோன்றும். உண்மை தலைகீழ். கைதேர்ந்த ஆட்டக்காரர் மங்கலான வெளிச்சத்திலும் பழக்கத்தால் பந்தைப் போட்டுவிடுவார். விளிம்பைப் பார்த்துக் குறிவைக்க இப்போதுதான் கற்றுக்கொள்ளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும், கண்ணாடி போட்ட தாத்தாவுக்கும்தான் நல்ல வெளிச்சம் அதிகம் தேவை. வீட்டில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

குழல் விளக்கு தொங்கினால் மரபு வீட்டின் அழகு கெடும் என்பது இன்னொன்று. இந்தக் கவலை மதிக்கத் தக்கது. ஆனால் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த அந்தக் கூட்டுக்கு டிஃப்பனி பாணி என்று பெயர், பிறப்பிடம் நியூயார்க். பிட் தெருக் கடைவீட்டின் மரபோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. மரச்சட்டத்துக்குள் மறைந்த வெள்ளைத் தகடு, பலகைத் தளமும் மர உத்திரமும் உள்ள கூடத்தில் அதைவிட அடக்கமாகப் பொருந்தும்.

செய்யவேண்டியது எளிது. நான்கடி எல்இடி குழல் எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும்; ஒன்று 18 வாட், சுமார் 1,800 லூமென். 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள செவ்வக மரச்சட்டம் செய்து, நீளப் பக்கங்களில் இரண்டிரண்டும் அகலப் பக்கங்களில் ஒவ்வொன்றுமாக ஆறு குழலைப் பொருத்த வேண்டும். எட்டடி மேசையின் ஆடுபரப்புக்கு இந்தச் சட்டம் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும். நடுவில் விளக்கே இல்லை. துணியிலிருந்து 110 செ.மீ. உயரத்தில், தேவையானபோது ஒதுக்கக்கூடியபடி, ஆனால் நான்கு மூலையிலும் கம்பி கட்டி ஆடாமல் நிறுத்தினால், கணக்குப்படி மூலைக்கு நடுவின் முக்கால் பங்குக்கு மேல் வெளிச்சம் வருகிறது. மேலே வெள்ளைத் தகடு வைத்து, சுவரும் வெளிர் நிறமாக இருந்தால் மூலையிலேயே 520 லக்ஸை எட்டலாம். ஆறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் அரை யூனிட்டுக்குச் சற்றே மேல். பெரிய பூல் போட்டிகளில் இன்று மேசையைச் சுற்றி ஒளிரும் இதே வகைச் செவ்வகச் சட்டம்தான் தொங்குகிறது.

ஏற்கனவே ஒற்றை விளக்கு வாங்கி மாட்டியவர்கள் இன்று இரவே சோதித்துப் பார்க்கலாம். லக்ஸ் அளக்கும் இலவசச் செயலியைக் கைபேசியில் இறக்கி, கைபேசியைத் துணிமேல் நடுவில் ஒருமுறையும் நான்கு மூலையில் ஒவ்வொரு முறையும் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி காட்டும் எண் துல்லியமாக இராது. ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். மூலையின் எண் நடுவின் எண்ணில் பாதிக்குக் கீழே இருந்தால் அந்த விளக்கைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டிவிடுங்கள். இனிமேல் வாங்கப் போகிறவர்கள், விற்பவர் வாட்டையும் கண்ணாடியின் அழகையும் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்து, மூலைப் பாக்கெட்டில் எத்தனை லக்ஸ் விழும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.